அந்தப் பத்து விநாடியை வெட்டிவிடாதீர்கள்

‘மாப் சைக்கோ 100’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் சண்டைக் காட்சிகளை மட்டும் எடிட் செய்து போடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

வணக்கம். உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியாது, ஆனால் உங்கள் கைவேலை நன்றாகத் தெரியும். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து வெட்டியது போன்ற முடி, கறுப்புப் பள்ளிச் சீருடை, எந்த உணர்ச்சியும் காட்டாத முகம். திரையில் எண் ஏறுகிறது. 85, 93, 99. பின்னணிப் பாட்டில் பேஸ் இறங்கும் அதே நொடியில் 100. கட்டிடம் சுக்குநூறாகப் பறக்கிறது. அத்தோடு முடிந்துவிடும். முப்பது விநாடிகூட இருக்காது. இப்படி எத்தனையோ என் கைபேசியில் வந்துகொண்டே இருக்கின்றன.

போன மாதம் வந்த ஒன்று என் அக்கா மகன் செய்தது. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவக்கூட எழுந்திருக்காமல் கைபேசியை என் பக்கம் நீட்டி, “சித்தி, இதப் பாரேன், நானே பண்ணது” என்றான். பார்த்தேன். கதையில் வரும் கருப்பு வினிகர் நடுநிலைப் பள்ளி மொத்தமாகப் பெயர்ந்து வானத்தில் சுழலும் காட்சி. முதல் சீசனின் ஐந்தாவது பகுதி. உண்மையிலேயே நன்றாகச் செய்திருந்தான். தாளத்துக்கு ஒரு ஃபிரேம்கூடப் பிசகவில்லை. “அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?” என்று கேட்டேன். “அப்புறம் என்ன, மாப் ஜெயிச்சிட்டான்” என்றான்.

அந்த ஒரு பதில்தான் என்னை இந்த மடலை எழுத உட்கார வைத்தது. ஏனென்றால் அந்தக் காட்சியில் கதாநாயகன் மாப் ஜெயிக்கவில்லை. அவன் எழுந்து பார்க்கிறான், தான் என்ன செய்திருக்கிறோம் என்று புரிகிறது, அழுகிறான். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் அது முதல் மூன்றுக்குள் வரும். அந்த இடத்துக்குச் சரியாக ஒரு நொடி முன்னால் கத்தரி விழுந்திருந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பகுதி வரைக்கும் நடப்பதை இங்கே பேசப் போகிறேன். ஸ்பாய்லர் வேண்டாம் என்பவர்கள் மடலை மடித்து வைத்துவிட்டு முதலில் தொடரைப் பார்த்துவிடுங்கள். மொத்தம் 37 பகுதிகள்தான். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 24 நிமிடம். பதினைந்து மணி நேரத்தில் ஒரு முழுக் கதையும் முடிந்துவிடும். மூலக் கதையை ‘ஒன்’ என்ற புனைபெயரில் எழுதும் ஓவியர் 2012 முதல் 2017 வரை வரைந்தார். ‘ஒன் பன்ச் மேன்’ எழுதியவரும் அவரேதான். போன்ஸ் ஸ்டுடியோ அதை அனிமேயாக எடுத்து 2016 ஜூலையில் முதல் சீசனையும், 2019 ஜனவரியில் இரண்டாவதையும், 2022 அக்டோபரில் மூன்றாவதையும் ஒளிபரப்பியது. மூன்றாவது சீசனில் கதை முடிந்தது. இழுத்தடிக்காமல், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு முடித்தார்கள்.

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன், உங்கள் எடிட்டுகளின் உயிரே அதுதான் என்பதால்.

ஷிகெயோ ககெயாமா என்ற பையனைத்தான் எல்லோரும் மாப் என்று கூப்பிடுகிறார்கள். ஜப்பானிய அனிமே உலகில் அந்தச் சொல்லுக்குக் கூட்டத்தில் நிற்கும் பெயரில்லாத ஆள் என்று பொருள். நம் ஊர் சினிமாவில் கதாநாயகனுக்குப் பின்னால் நடந்து போகும் துணை நடிகர் மாதிரி. இவனுக்குப் பிறவியிலேயே அளவற்ற அமானுஷ்ய சக்தி இருக்கிறது. சின்ன வயதில் ஒரு நாள், பெரிய பையன்கள் சிலர் தாக்கியபோது இவன் நினைவிழந்தான். அந்த நிலையில் சக்தி தானாக வெளியே வந்து, அவன் தம்பி ரிட்சுவையும் காயப்படுத்திவிட்டது. அன்றிலிருந்து இவன் உணர்ச்சிகளை உள்ளேயே போட்டுப் பூட்டி வைக்கிறான். கோபம் வந்தால் விழுங்குகிறான், வருத்தம் வந்தால் விழுங்குகிறான். திரையில் ஏறும் சதவீதம் என்பது அவன் பலம் கூடும் கணக்கு இல்லை. அவன் விழுங்கியது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது என்ற கணக்கு. நூறு என்றால் ஒரு பிள்ளையால் இனிமேல் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். நீங்கள் பாட்டோடு சேர்த்து நம்மைக் கைதட்ட வைக்கும் நொடி, கதைக்குள் அவனுக்கு மிக மோசமான நொடி.

ஐந்தாவது பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். டெருகி ஹானாசாவா என்று ஒருவன். அழகன், படிப்பாளி, பள்ளியே அவன் பின்னால் சுற்றுகிறது. அவனுக்கும் சக்தி உண்டு. சக்தி இருப்பதால்தான் நான் நான் என்று நம்புகிறவன். மாப் அவனோடு சண்டை போட மறுக்கிறான். அடி வாங்குகிறான், சுவரோடு போய் மோதுகிறான், ஆனாலும் சக்தியை அவன் மேல் பிரயோகிக்க மாட்டேன் என்கிறான். சக்தியை எடுத்துவிட்டால் நீயும் சாதாரண ஆள், நானும் சாதாரண ஆள் என்று அவன் சொல்வதுதான் டெருவுக்குப் பொறுக்க முடியாததாகிவிடுகிறது. கழுத்தை நெரிக்கிறான். மாப் நினைவிழக்கிறான். எண் இருந்த இடத்தில் மூன்று கேள்விக்குறிகள் வருகின்றன. அப்போது பள்ளியைப் பிய்த்து எறிவது மாப்புக்குள் இருக்கும், மாப்புக்கே தெரியாத ஏதோ ஒன்று. அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போது நடப்பது.

நினைவு திரும்பியதும் அவன் முகத்தைப் பாருங்கள். யார் மேலும் பயன்படுத்த மாட்டேன் என்று தனக்குத்தானே கொடுத்திருந்த வாக்கு போய்விட்டது. அவனுக்குள் ஏறி நிற்பது இப்போது வருத்தம், நூறு சதவீதம். அந்த வருத்தத்தில் அவன் செய்வது என்ன தெரியுமா? உடைத்த பள்ளியைத் திரும்பக் கட்டி வைக்கிறான். செங்கல் செங்கலாக எல்லாம் பழைய இடத்துக்குப் போகிறது. நீங்கள் போடும் வெடிப்பை விட அந்தத் திரும்பக் கூடும் காட்சி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உடைப்பதற்கும் ஒட்டுவதற்கும் அதே சக்திதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவரை அந்தப் பையன் யார் என்று நமக்குத் தெரியாது.

டெருவும் அதோடு மாறுகிறான். அந்தப் பகுதிக்கு வைத்த பெயர் ஒச்சிமுஷா. போரில் தோற்று, உச்சந்தலை மொட்டையாகி, முடி கலைந்து ஓடும் சாமுராயைக் குறிக்கும் சொல். சண்டையில் அவன் தலைமுடிக்கு அதுதான் நேர்கிறது. அவமானப்பட்டவன் எதிரியாகத் திரும்பி வருவான் என்று எதிர்பார்த்தேன். நண்பனாகத்தான் வந்தான். கடைசி சீசனில், அதே கேள்விக்குறி மாப்புக்குள்ளிருந்து மறுபடி எழும்போது, அவனைத் தடுக்க முதலில் ஓடி வந்து நிற்பவர்களில் இந்த டெருவும் ஒருவன். முப்பது விநாடி எடிட்டில் அவன் எப்போதும் அடி வாங்கும் ஆளாகவே இருக்கிறான்.

இந்தப் பையனுக்கு சக்தியை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்தவர் யார்? சக்தியே இல்லாத ஒரு மனிதர்!

அவர்தான் ரெய்கென். அவரை உங்கள் எடிட்டுகளில் சிரிப்புக்கு மட்டும் வைக்கிறீர்கள். கையில் இருந்து உப்பைத் தூவுவார், “உப்புத் தெளிப்பு!” என்று கத்துவார், ஆவிக்கு ஒன்றும் ஆகாது. சிரிப்புத்தான், நானும் சிரித்தேன். அவர் நடத்தும் கடையின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘ஆவி முதலியன ஆலோசனை அலுவலகம்’. அந்த ‘முதலியன’வில்தான் அவர் பிழைப்பே இருக்கிறது. தோளில் பேய் உட்கார்ந்திருக்கிறது என்று வருபவருக்குத் தோளைப் பிடித்துவிடுவார். புகைப்படத்தில் ஆவி தெரிகிறது என்றால் கணினியில் படத்தைத் திருத்தித் தருவார். உண்மையான ஆவி வந்தால் மட்டும் மாப்பை அழைப்பார், மணிக்கு 300 யென் கூலி. அடிமாட்டுக் கூலி. அவர் ஏமாற்றுக்காரர்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் முதன்முதலில், தன் சக்தியைப் பார்த்துத் தானே பயந்துபோய், அந்தச் சின்னப் பையன் கதவைத் தட்டியபோது அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். சக்தி இருப்பதால் நீ மற்றவர்களை விட உயர்ந்தவன் இல்லை. ஒருவன் வேகமாக ஓடுவான், ஒருவன் நன்றாகப் படிப்பான், ஒருவனுக்கு உடம்பு நாறும், அதுபோல இதுவும் ஒரு குணம். அது கத்தி மாதிரி, மனிதர்களை நோக்கி நீட்டாதே. வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று ஆரம்பித்த மனிதர் சொன்ன வார்த்தைகள் இவை. அந்தப் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. பெரியவர்கள் போகிற போக்கில் சொல்வது ஒரு குழந்தைக்கு எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதை நான் இவ்வளவு தெளிவாக வேறு எங்கும் பார்த்ததில்லை.

முதல் சீசனின் முடிவில், சக்தி கொண்ட ஒரு கும்பலின் தளத்தில் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். மாப் உடையும் நிலைக்கு வந்துவிட்டான். எல்லாக் கதைகளிலும் இந்த இடத்தில் குரு, “எழுந்திரு, போராடு” என்பார். ரெய்கென், “பிடிக்கவில்லை என்றால் ஓடிவிடலாம்” என்கிறார். நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதினான்கு வயதில் யாரும் இதைச் சொல்லவில்லை. அந்த வார்த்தையால் மாப்புக்குள் பொங்குவது நன்றி, நூறு சதவீதம், அவன் சக்தி முழுவதும் ரெய்கெனிடம் போய்விடுகிறது. அந்த மாபெரும் சக்தி கைக்கு வந்ததும் அவர் யாரையும் கொல்லவில்லை. வளர்ந்த ஆட்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சண்டைக்கு நிற்கிறீர்களே என்று அந்த வில்லன்களை வரிசையாகத் திட்டுகிறார்.

சரி, சண்டையே வேண்டாம் என்கிறேனா? இல்லை. சண்டைக் காட்சிகளை நான் உங்களை விடக் குறைவாக நேசிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்னின் மூலப் படங்களில் கோடு நடுங்கும், கைகால் கோணலாக இருக்கும். வேறு ஸ்டுடியோவாக இருந்தால் அதை மழமழவென்று ஆக்கியிருப்பார்கள். கதாபாத்திர வடிவமைப்பாளர் யோஷிமிச்சி கமேடாவும் இயக்குநர் யுசுரு டச்சிகாவாவும் அந்த நடுக்கத்தைக் காப்பாற்றி, அதையே வேகமாக மாற்றினார்கள். இன்னொருவர் மியோ சாட்டோ. கண்ணாடித் தகட்டின் மேல் சாயத்தால் வரைந்து, அதைப் படம் பிடித்து, விரலாலோ தூரிகையாலோ கொஞ்சம் அழித்து, நகர்த்தி, மறுபடி படம் பிடித்து எடுக்கும் அனிமேஷன் அவருடையது. முந்தைய படம் அழிந்தால்தான் அடுத்தது பிறக்கும். அந்த ஈரச் சாயம் குழையும் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், விரல் இழுத்த தடம் தெரியும். இதையெல்லாம் எடிட் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன்.

நான் சொல்வது இரண்டாம் சீசனின் முதல் பகுதியில் இருக்கிறது.

எமி என்று ஒரு மாணவி மாப்பிடம் வந்து, தன்னோடு பழகச் சொல்லிக் கேட்கிறாள். இருவரும் சில நாட்கள் பள்ளி விட்டு ஒன்றாக நடந்து போகிறார்கள். அவள் கதை எழுதுகிறாள். எழுதியதை அவனிடம் படிக்கத் தருகிறாள், அவன் பொறுமையாகப் படித்து, தோன்றியதைச் சொல்கிறான். ஒரு நாள் அவளுடைய தோழிகள் அந்தக் கையெழுத்துப் பக்கங்களைப் பிடுங்கிக் கேலி செய்து, கிழித்துப் போடுகிறார்கள். எமி அழவில்லை, சிரிக்கிறாள். சும்மா பொழுதுபோக்குக்கு எழுதியதுதான் என்று அவர்களோடு சேர்ந்துகொள்கிறாள். நம்மில் யார் அந்தச் சிரிப்பைச் சிரிக்காமல் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்தோம்?

மாப் ஒன்றும் பேசவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து தரையில் கிடக்கும் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பிக்கிறான். தோழிகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, யாரையும் கண்டிக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் எமியும் குனிந்து பொறுக்குகிறாள். அப்போது காற்று வீசித் துண்டுகள் பறந்து போகின்றன. அங்கேதான் அவன் சக்தியைப் பயன்படுத்துகிறான். காகிதத் துண்டுகள் காற்றில் நின்று, திரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து மறுபடி பக்கங்களாகின்றன. எண் ஏறவில்லை. யாரும் அடிபடவில்லை. உலகையே புரட்டக்கூடிய ஒரு பையன், பலர் பார்க்கத் தன் சக்தியை வெளியே எடுத்தது ஒரு பெண் எழுதிய கதை காற்றோடு போய்விடக் கூடாது என்பதற்காக.

முதல் சீசனில் பள்ளியை ஒட்டிய அதே கை. அன்று குற்ற உணர்ச்சியில், இன்று தானாக, விரும்பி. இரண்டுக்கும் நடுவே அந்தப் பையன் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறான் என்பதை வசனமே இல்லாமல் காட்டிவிட்டார்கள். இந்தக் காட்சியை யாராவது எடிட் செய்து பார்த்திருக்கிறீர்களா? நான் தேடினேன். வெடிப்புகள் வந்த அளவுக்கு அது என் கண்ணில் படவில்லை.

அதே சீசனின் ஐந்தாவது பகுதியைத்தான் நீங்கள் அதிகம் வெட்டுகிறீர்கள். மோகாமியோடு நடக்கும் அந்தச் சண்டை. அனிமேஷனில் அது உச்சம், யார் இல்லை என்றார்கள். ஆனால் மோகாமி யார்? ஒரு காலத்தில் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற, உண்மையான சக்தி உடையவர். அம்மாவின் வைத்தியச் செலவுக்காகப் பணம் வாங்கிக்கொண்டு சாபத்தால் ஆட்களைக் கொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மா செத்து ஆவியாகி அவரையே வெறுத்தார். இப்போது மோகாமி செத்த பிறகு மினோரி என்ற பெண்ணின் உடம்புக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறார். அவளைக் காப்பாற்ற மாப் அவள் மனவெளிக்குள் போகிறான். அங்கே மோகாமி அவன் சக்தியையும் நினைவையும் பறித்துவிட்டு ஆறு மாதம் வாழ வைக்கிறார். தினமும் வகுப்பில் அவமானம், அடி. முன்னால் நின்று வதைப்பது மினோரியேதான். கைகொடுக்க யாரும் இல்லை. எதற்காக? என் வாழ்க்கை உனக்குக் கிடைத்திருந்தால் நீயும் நானாகத்தான் ஆகியிருப்பாய் என்று நிரூபிக்க.

அந்த ஆறு மாதத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். டிம்பிள் என்ற பச்சை ஆவி உள்ளே நுழைந்து நினைவூட்டியதும் அவன் எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறான். அப்போது மோகாமியிடம் அவன் ஒத்துக்கொள்கிறான், ஆமாம், நல்ல மனிதர்களைச் சந்திக்காமல் இருந்திருந்தால் நானும் அப்படி ஆகியிருக்கலாம் என்று. நான் நல்லவன், நீ கெட்டவன் என்று அவன் சொல்லவே இல்லை. எனக்குக் கிடைத்தது உனக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் வித்தியாசம். அதைச் சொன்ன பிறகு, தன்னை வதைத்த மினோரியைக் காக்கத்தான் சண்டைக்கே நிற்கிறான். இது தெரிந்து அந்தச் சண்டையைப் பார்த்தால் ஒவ்வொரு அடியும் வேறு மாதிரி விழும். தெரியாமல் பார்த்தால் வண்ணம்தான் மிஞ்சும்.

அடுத்த இரண்டு பகுதிகளில் அடிதடி மிகக் குறைவு, ஆகவே உங்களுக்கு அவை தேவைப்படாது என்று நினைக்கிறேன். எனக்குத் தொடரிலேயே அதிகம் பிடித்தவை அவைதான். மாப்புக்கு இப்போது நண்பர்கள் இருக்கிறார்கள். அழைத்ததும் வேலைக்கு ஓடி வர முடியவில்லை. ரெய்கென் எரிச்சலில் அந்த நண்பர்களைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை விட்டுவிடுகிறார். மாப் போய்விடுகிறான். ரெய்கெனுக்கு அப்போதுதான் தெரிகிறது, தனக்கு வேறு யாருமே இல்லை என்று. பிறந்தநாளன்று அம்மாவிடமிருந்து வந்த செய்தியைத் தவிர வாழ்த்த ஆள் இல்லை. பிறகு தொலைக்காட்சிப் புகழ், பிறகு போலி என்று அம்பலம், பிறகு பத்திரிகையாளர்கள் நிறைந்த அரங்கில் தனி மேசை.

கேள்விகள் அம்புபோல் வருகின்றன. வாயால் பிழைத்த மனிதர் வாயடைத்து நிற்கிறார். அவருக்கு அந்தச் சின்னப் பையன் கதவைத் தட்டிய நாள் நினைவுக்கு வருகிறது. அந்த நேரம் அரங்கில் இருந்த பொருள்கள் மெல்ல மேலே எழும்புகின்றன. மாப் எங்கோ இருக்கிறான், முகம்கூடக் காட்டவில்லை. ரெய்கென் அதைப் புரிந்துகொண்டு சொல்வது ஒரே வரி, நீ வளர்ந்துவிட்டாய் என்று. வெளியே வந்ததும் என் உண்மை உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்கிறார். ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்கிறான் மாப். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். “நீங்கள் நல்ல மனிதர்.” மாப்புக்குக் குரல் கொடுத்த செட்சுவோ இட்டோவின் அந்த ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் வரும்போது அந்த வரி என்னை நிலைகுலைய வைத்தது.

உடற்பயிற்சிக் குழு அண்ணன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாப் சக்தியை வளர்க்காமல் உடம்பை வளர்க்கப் போகிறான். சின்ன வயதிலிருந்தே தனக்குப் பிடித்த சுபோமி என்ற பெண்ணின் மனதைக் கவர வேண்டும் என்பதற்காகத்தான் தொடங்கினான். நாலு அடி ஓடினால் மயங்கி விழுகிறவன். மலைபோல் தசை வைத்த அந்த மாணவர்கள் ஒரு தடவைகூட அவனைக் கேலி செய்யவில்லை. விழுந்தால் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், எழுந்தால் பாராட்டுகிறார்கள். பெரிய உடம்புக்காரர்கள் என்றாலே சின்னவனை மிதிப்பவர்கள் என்று காட்டிப் பழகிய எத்தனையோ பள்ளிக் கதைகளுக்கு நடுவே முசாஷி கோதாவும் அவர் கூட்டமும் எவ்வளவு பெரிய ஆறுதல். இரண்டாம் சீசனில் பள்ளி மாரத்தானில் பத்துக்குள் வந்தால் சுபோமியிடம் மனதைச் சொல்வேன் என்று மாப் தீர்மானிக்கிறான். சக்தியைத் தொடாமல், சொந்தக் காலால் ஓடுகிறான். பத்துக்குள் வரவில்லை. அந்த ஓட்டத்தில் நானும் அவனோடு மூச்சு வாங்கினேன்.

மூன்றாம் சீசனில் டிம்பிளின் கதை தனி மடலாக எழுத வேண்டியது. ஊர் நடுவில் வானளாவ வளர்ந்து நிற்கும் ஒரு பிரக்கோலிக்குள், கடவுளாக வேண்டும் என்ற ஆசையோடு நுழைந்த ஆவி, கடைசியில் ஒரே ஒரு நண்பன் போதும் என்று வந்து சேர்கிறது. பிரக்கோலி மரத்தை வைத்து என்னை அழவைத்தவர்கள் இவர்கள்.

கடைசிக்கு வருகிறேன். சுபோமி ஊரை விட்டுப் போகப் போகிறாள். மாப் பூங்கொத்தோடு கிளம்புகிறான். வழியில் ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய்க் கார் மோதுகிறது. மூன்று கேள்விக்குறிகள் எழுந்து நடக்க ஆரம்பிக்கின்றன. ஊர் பெயர்கிறது. நீங்கள் அதிகம் வெட்டுவது இந்த நடையைத்தான். ஒரு கையில் பூங்கொத்து, பின்னால் இடியும் நகரம். படமாகப் பிரமாதம். ஆனால் யார் யார் அவனைத் தடுக்க வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். டெரு வருகிறான். சின்ன வயதில் அதே கேள்விக்குறியால் காயம்பட்ட தம்பி ரிட்சு, பயத்தை விழுங்கிக்கொண்டு எதிரே வருகிறான். கடைசியில் கோட்டு கிழிந்து, புயலில் உருண்டு, சக்தி துளியும் இல்லாத ரெய்கென் வருகிறார். எனக்கு சக்தி கிடையாது என்று அவரே வாயால் சொல்கிறார். நல்ல மனிதர் என்று அன்று கேட்ட பட்டத்துக்கு இத்தனை நாள் கழித்து விலை கொடுக்கிறார். அதைக் கேட்டுத்தான் மாப் உள்ளே இருக்கும் அந்த இன்னொருவனை வெறுக்காமல், அதுவும் நான்தான் என்று ஏற்றுக்கொள்கிறான்.

அப்புறம் சுபோமியிடம் மனதைச் சொல்கிறான். அவள் முடியாது என்கிறாள். அவன் வாய்விட்டு அழுகிறான். முதல் பகுதியிலிருந்து பூட்டி வைத்த பிள்ளை, எதையும் உடைக்காமல், எந்த எண்ணும் ஏறாமல், மற்ற பிள்ளைகள் அழுவதுபோல் அழுகிறான். பல நாள் கழித்து ரெய்கெனின் பிறந்தநாளில், கேக் அவர் முகத்தில் போய் அப்புகிறது, மாப் சிரிக்கிறான். வாய் நிறைய. 37 பகுதிகள் காத்திருந்து பார்த்த சிரிப்பு அது.

தம்பி தங்கைகளே, உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எடிட் போடுவதை நிறுத்த வேண்டாம். உங்களால்தான் எத்தனையோ பேர் இந்தத் தொடரின் பெயரையே கேட்கிறார்கள், அது எனக்குத் தெரியும். வெடிப்புக்குப் பிறகு ஒரு பத்து விநாடியை மட்டும் விட்டு வையுங்கள். பள்ளி பறந்த பிறகு அவன் அழுவதை விடுங்கள். பாட்டின் பேஸ் இறங்கி முடிந்த பிறகு இசையே இல்லாமல் போனாலும் பரவாயில்லை. இன்னொன்று, எடிட் மட்டும் பார்த்துவிட்டுத் தொடரைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இரண்டாம் சீசனின் முதல் பகுதியை மட்டும் ஒரு முறை, இடையில் தள்ளாமல், 24 நிமிடமும் பாருங்கள்.

அந்த ஞாயிறு சாயங்காலம் அக்கா மகனை அப்படித்தான் உட்கார வைத்தேன். ஜப்பானியக் குரல், ஆங்கில சப்டைட்டில், வேகமாக ஓடிய இடங்களில் நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். காகிதம் கிழிபட்டபோது அவன் கைபேசியைக் கீழே வைத்தான். மாப் முட்டி போட்டபோது, “இவன் ஏன் சித்தி பவர் யூஸ் பண்ண மாட்டேங்கிறான்?” என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை, காற்று வரட்டும் என்று காத்திருந்தேன்.

காற்று வந்தது. அவன் பேசவில்லை. முடிந்ததும், “எங்க கிளாஸ்லயும் ஒரு பொண்ணு கவிதை எழுதுவா” என்றான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புதன்கிழமை இரவு ஒரு காணொளி அனுப்பியிருந்தான். பழைய எடிட்தான், அதே பாட்டு, அதே பள்ளி. முப்பதாவது விநாடியில் பாட்டு நின்றுவிடுகிறது. அதன் பிறகு பதினோரு விநாடி, அந்தப் பையனின் கண்ணீரும், செங்கற்கள் திரும்பி வந்து உட்காரும் சத்தமும்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி